ஒபாசிட்டியை எங்கே குறைப்பது? ஒரு கண்ணாடி டம்ளர் வரைந்து பார்ப்போம்

பள்ளி அறிவியல் பாடங்களுக்குப் படம் வரைவது என் வேலை. பீக்கர், சோதனைக் குழாய், லென்ஸ், நீர்த்துளி, செல்லின் சவ்வு என்று வரைய வருவதில் பெரும்பாலானவை ஒளி ஊடுருவும் பொருள்கள். டிரான்ஸ்பரன்சி, அதாவது ஊடே தெரியும் தன்மை, இல்லாமல் எனக்கு ஒரு நாளும் நகராது. புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "ஒபாசிட்டி எத்தனை சதவீதம் வைக்கணும்?" ஒபாசிட்டி என்பது ஒரு பொருள் பின்னணியை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு. எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரே 50 சதவீதத்தை நிறத்தில் வைத்தால் ஒரு மாதிரி வரும், முழுப் பொருளுக்கு வைத்தால் ஒரு மாதிரி வரும், குரூப்புக்கு (ஒன்றாகக் கட்டிய பல பொருள்களுக்கு) வைத்தால் அதுவும் வேறு.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை வைத்தே சொல்கிறேன். அது இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2020-இல் வந்த 1.0 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போதும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு அதேதான். பெயர் மாறும் இடங்களைப் பின்னால் சொல்கிறேன். கோரல்டிரா ஆட்களுக்கு மட்டும் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும்: அங்கே எண் தலைகீழ். இங்க்ஸ்கேப்பில் ஒபாசிட்டி 100 என்றால் பொருள் முழுதாகத் தெரியும். கோரலில் டிரான்ஸ்பரன்சி 100 என்றால் பொருளே கண்ணில் படாது. நான் 30 என்று சொன்னால் நீங்கள் 70 போடுங்கள். லிபர்ஆபிஸ் டிராவிலும் இப்படித்தான்.

முதலில் ஒரு சதுரம்

புதுக் கோப்பு திறந்ததும் பின்னணியில் கறுப்பும் மஞ்சளுமாகச் சில தடித்த பட்டைகளைப் போடுங்கள். வெள்ளைத் தாளின்மேல் டிரான்ஸ்பரன்சி பழகுவது வீண். வெளிறிய நிறத்துக்கும் ஒளி ஊடுருவும் நிறத்துக்கும் அங்கே வித்தியாசமே தெரியாது. என்னுடைய எல்லாக் கோப்புகளிலும் 'பட்டை' என்று பெயரிட்ட ஒரு லேயர் (அடுக்கு) அடியில் இருக்கும். சோதிக்கும்போது அந்த லேயரின் கண் குறியைத் திறப்பேன், அனுப்பும்போது மூடிவிடுவேன்.

பட்டைகளின்மேல் ஒரு சதுரம் வரையுங்கள். ஃபில் (உள்நிறம்) நீலம், ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) சிவப்பு, ஸ்ட்ரோக் அகலம் 40 பிக்சல். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் அழுத்தினால் ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டி வரும். நிறத்தை மாற்றும் ஸ்லைடர்களின் வரிசையில் கடைசியாக 'ஏ' என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது ஆல்ஃபா. அந்த ஒரு நிறத்துக்கு மட்டுமான ஒபாசிட்டி. ஃபில்லில் ஏ-யை 50 ஆக்குங்கள், ஸ்ட்ரோக் பெயின்ட்டில் போய் அங்கேயும் ஏ-யை 50 ஆக்குங்கள்.

சிவப்புக் கோடு இப்போது இரண்டு பட்டையாகப் பிரிந்திருக்கும். வெளிப்பக்கம் 20 பிக்சல் சுத்தச் சிவப்பு, உட்பக்கம் 20 பிக்சல் ஊதா கலந்த சிவப்பு. ஸ்ட்ரோக் என்பது பாதையின் (உருவத்தின் எல்லைக்கோட்டின்) நடுவில் உட்காரும்; பாதி அகலம் வெளியே, பாதி அகலம் உள்ளே. உள்ளே இருக்கும் பாதிக்கு அடியில் ஃபில் கிடக்கிறது, கோடு ஒளிபுகுவதால் அது தெரிகிறது. மென்பொருளில் கோளாறு என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில் குழம்புவார்கள்.

இப்போது இரண்டு ஏ-யையும் 100-க்கே திருப்பிவிட்டு, பெட்டியின் அடியில் தனியாக இருக்கும் ஒபாசிட்டியை 50 ஆக்குங்கள். சிவப்பு ஒரே பட்டையாக இருக்கும், பின்னணி மட்டும் ஊடே தெரியும். இது பொருளின் ஒபாசிட்டி. ஃபில்லையும் ஸ்ட்ரோக்கையும் முழு அடர்த்தியில் வரைந்து முடித்த பிறகு, வந்த படத்தை மொத்தமாக மங்கச் செய்கிறது. இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பைத் திறந்து பார்த்தால் ஃபில் ஒபாசிட்டி, ஸ்ட்ரோக் ஒபாசிட்டி, ஒபாசிட்டி என்று மூன்றும் தனித்தனிப் பண்புகளாகவே எழுதியிருக்கும். 2001-இல் வந்த முதல் எஸ்விஜி தரத்திலிருந்தே அப்படித்தான்.

அடுத்தது குரூப். ஒரே நிறத்தில் நான்கைந்து வட்டங்களை ஒன்றோடொன்று மோதும்படி போட்டு ஒரு மேகம் செய்யுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒபாசிட்டியை 50 ஆக்கினால் மேகம் வராது, மீன் செதில் வரும். முதல் வட்டம் பின்னணியில் பாதியை மறைக்கிறது, அடுத்தது மீதியில் பாதியை மறைக்கிறது, ஆக இரண்டும் மோதும் இடத்தில் 75 சதவீதம் மறைந்துவிடுகிறது. கண்ட்ரோல் இசட் போட்டு, கண்ட்ரோல் ஜி-யால் குரூப் செய்து, குரூப்புக்கு 50 கொடுங்கள். செதில் போய்விடும், மேகம் ஒரே துண்டாக நிற்கும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும். 20 சதவீதத்தில் மூன்று அடுக்கு போட்டால் 60 வராது, 48.8 தான். ஐந்து அடுக்கு போட்டாலும் 67-ஐத்தான் தொடும். ஒவ்வொரு அடுக்கும் மிச்சம் இருப்பதில்தான் பங்கு எடுக்கிறது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்களைக் கலக்கும் முறையை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் ஒரு கட்டுரையில் முறைப்படுத்தினார்கள். இன்றைய மென்பொருள்கள் செய்வதும் அடிப்படையில் அந்தக் கணக்கைத்தான்.

செதில் எப்போதும் தப்பு என்று சொல்லவில்லை. கணங்களின் வெட்டைக் காட்டும் வட்டப் படத்துக்கு மோதும் இடம் கருக்க வேண்டும், அங்கே தனித்தனி ஒபாசிட்டிதான் சரி. ஒரு பொருளாகத் தெரிய வேண்டியதைக் குரூப்பில் மங்கச் செய்யுங்கள், பல பொருளாகத் தெரிய வேண்டியதைத் தனித்தனியாக.

டம்ளர்

நீரில் சாய்ந்து நிற்கும் பென்சில், ஒளிவிலகல் பாடத்தில் எல்லோரும் பார்த்த படம். இதுவரை சொன்னதெல்லாம் இதில் வேலைக்கு வரும்.

பக்கம் 600க்கு 800 பிக்சல். மேலே வெளிர் சாம்பல் சுவர், கீழே 250 பிக்சல் உயரத்துக்குக் கொஞ்சம் அடர்ந்த மேஜை. டம்ளரின் வாய்க்கு 220க்கு 50 அளவில் ஒரு நீள்வட்டம். அதன் மையத்திலிருந்து 320 பிக்சல் கீழே, அடிப்பாகத்துக்கு 170க்கு 36-இல் இன்னொரு நீள்வட்டம். இரண்டின் இட, வல ஓரங்களைப் பேனா கருவியால் இணைத்தால் கீழே குறுகும் நாற்கரம் கிடைக்கும். மூன்றுக்கும் ஒவ்வொரு நகல் எடுத்து, நகல்களை யூனியன் செய்தால் (ஒரே வடிவமாக இணைத்தால்) டம்ளரின் முழு உருவம் தயார். அசல்களைத் தூக்கிப் போடாதீர்கள், விளிம்புக்கு வேண்டும்.

வரிசையை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. பின்னாலிருந்து முன்னுக்கு: சுவரும் மேஜையும், நிழல், மேஜையில் விழும் பிம்பம், பென்சில், நீர், டம்ளரின் உடல், விளிம்பு, ஒளிக்கீற்று. ஒளி ஊடுருவாத படத்தில் வரிசை பிசகினால் உடனே தெரிந்துவிடும். இதில் பிசகினால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும், எது என்று கண்டுபிடிக்க நேரமாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு லேயர் போட்டுப் பெயர் வைத்துவிடுங்கள்.

நீரில் ஆரம்பிப்போம், ஏனென்றால் குரூப் பாடம் அங்கேதான் இருக்கிறது. நீருக்கு இரண்டு பகுதி: மேலே தெரியும் நீள்வட்டப் பரப்பு, கீழே உடல். பரப்பின் முன்பாதி உடலின்மேல்தான் விழும். இரண்டுக்கும் தனித்தனியாக 30 கொடுத்தால் மோதும் இடத்தில் ஓர் அரைவட்டக் கறை விழும். சிலர் டிஃபரன்ஸ் போட்டு உடலிலிருந்து பரப்பை வெட்டி எடுத்துவிடுவார்கள். கறை போகும், ஆனால் இரண்டு வடிவங்களும் ஒட்டும் எல்லையில் தலைமுடி மாதிரி மெல்லிய கோடு ஒன்று தெரியும். ஓரத்தை மிருதுவாக்க மென்பொருள் எல்லைப் பிக்சல்களைப் பாதி பாதியாக நிரப்புகிறது. இரு பக்கமும் பாதி பாதியாக நிரம்பினாலும் சேர்ந்து 75 தான், 100 இல்லை. மேகத்தில் பார்த்த அதே கணக்கு.

அதனால் வெட்டாதீர்கள். உடலுக்கு நடுத்தர நீலம், பரப்புக்கு அதைவிட வெளிர் நீலம், இரண்டுக்கும் ஏ 100. பரப்பை மேலே வைத்துக் குரூப் செய்து, குரூப்பின் ஒபாசிட்டியை 30 ஆக்குங்கள். கறையும் இல்லை, முடிக்கோடும் இல்லை.

பென்சிலை முழுசாக வரைந்து, வேண்டிய கோணத்தில் சாய்த்து, குரூப் செய்து, கண்ட்ரோல் டி-யால் ஒரு நகல் எடுங்கள். ஒன்று நீருக்கு மேலே இருக்கும் துண்டு, மற்றது நீருக்குள் இருக்கும் துண்டு. நீருக்குள் இருப்பதைக் கிடைவாட்டில் கொஞ்சம் அகலமாக்கி, 10 பிக்சல் பக்கவாட்டில் நகர்த்துங்கள். உருளையான நீர் லென்ஸ் போல வேலை செய்வதால் உள்ளே இருப்பது அகலமாகத் தெரியும். அப்புறம் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு செவ்வகம், கீழே ஒரு செவ்வகம் வரைந்து, பென்சிலையும் அதற்குரிய செவ்வகத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் கிளிப், செட் கிளிப். மேலே இருக்கும் வடிவம்தான் வெட்டும் அச்சு என்பதால் செவ்வகம் பென்சிலுக்கு மேலே இருக்க வேண்டும். பென்சிலுக்கு ஒபாசிட்டி எதுவும் வேண்டாம். அது திடப்பொருள்; முன்னால் இருக்கும் நீரும் கண்ணாடியுமே அதை மங்கச் செய்துவிடும்.

இனி கண்ணாடி. டம்ளர் உருவத்துக்கு ஒரே நீலச் சாம்பலை நிரப்பி ஒபாசிட்டியை 20 ஆக்கினால் கண்ணாடி வராது, செல்லோபேன் தாள் வரும். உண்மையான டம்ளரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுப்பகுதி கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாது, இரண்டு ஓரமும் இருண்டிருக்கும். நடுவில் பார்வை கண்ணாடியைக் குறுக்காகக் கடந்துவிடுகிறது, ஓரத்திலோ கண்ணாடிச் சுவரின் நீளவாட்டில் போகிறது, அதிகக் கண்ணாடியைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஆக ஒளிபுகும் அளவு இடத்துக்கு இடம் மாற வேண்டும். பொருளின் ஒபாசிட்டியில் இதைச் செய்ய முடியாது, கிரேடியன்ட்டின் (படிப்படியாக மாறும் நிறத்தின்) ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள ஏ-யில்தான் முடியும்.

ஜி விசையை அழுத்தி, டம்ளரின் இடமிருந்து வலமாக நேராக இழுங்கள். கிரேடியன்ட் கோட்டில் இரட்டைக் கிளிக் செய்தால் புதுப் புள்ளி பிறக்கும். ஐந்து புள்ளி போதும்: இட ஓரம் 45, அதிலிருந்து சற்று உள்ளே 10, நடு 4, மறுபடி 10, வல ஓரம் 45. ஐந்திலும் நிறம் ஒன்றே, ஏ மட்டும் மாறுகிறது.

'நிறம் ஒன்றே' என்றதைக் கவனியுங்கள். ஏ 0 ஆகிவிட்டால் அந்தப் புள்ளியின் நிறம் எதுவாக இருந்தால் என்ன என்று தோன்றும். எஸ்விஜி கிரேடியன்ட்டில் நிறமும் ஆல்ஃபாவும் தனித்தனியாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கின்றன. ஒரு முனை மஞ்சள், மறுமுனை ஏ 0 கொண்ட கறுப்பு என்றால், நடுவழியில் பாதி ஒளிபுகும் அழுக்குப் பழுப்பு ஒன்றைக் கடந்தே ஆக வேண்டும். தீபத்தின் ஒளிவட்டம் புகை படிந்தது போல் இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். மறையும் முனைக்கும் மஞ்சளையே கொடுங்கள்.

விளிம்புக்கு, வாய் நீள்வட்டத்தின் அசலை எடுத்து ஃபில்லை நீக்கி, வெள்ளை ஸ்ட்ரோக் 3 பிக்சல், ஏ 70. அடி நீள்வட்டத்துக்கும் அப்படியே, கொஞ்சம் மங்கலாக. அடிக்குச் சற்று மேலே சிறிய நீள்வட்டம் ஒன்றைச் சேர்த்தால் கண்ணாடியின் அடித்தடிமன் வந்துவிடும்.

ஒளிக்கீற்றில்தான் டம்ளர் உயிர் பெறும். டம்ளரின் இடப்பக்கச் சுவரை ஒட்டி, மேலிருந்து கீழாக, ஒல்லியான வளைந்த வடிவம் ஒன்று. வெள்ளை நிறம், மேல்கீழாகக் கிரேடியன்ட், ஏ மேலே 0, நடுவில் 85, கீழே 0. வலப்பக்கம் இன்னும் ஒல்லியாக, 40-உடன் ஒன்று. பக்கவாட்டு ஓரங்கள் கூர்மையாகவே இருக்கட்டும். கண்ணாடியில் விழும் ஒளி பளிச்சென்று வெட்டினாற்போல் இருக்கும். அதற்குப் பிளர் போட்டு ஓரத்தைக் கலைத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும். பிளரை நான் பொதுவாகவே கஞ்சத்தனமாகத்தான் பயன்படுத்துவேன். என் மடிக்கணினி பழையது, பிளர் கூடக் கூடத் திரை நகர மறுக்கும். அதைவிட, கிரேடியன்ட்டால் முடிகிற வேலைக்குப் பிளர் தேவையில்லை என்பது என் கட்சி.

நிழலும் மல்டிபிளையும்

ஒபாசிட்டி குறைந்த சாம்பலால் நிழல் போட்டால் அடியில் இருக்கும் நிறம் சாம்பல் பூத்துவிடும். மல்டிபிளை என்ற பிளெண்ட் மோட் (மேல் நிறம் கீழ் நிறத்தோடு கலக்கும் விதம்) அப்படிச் செய்யாது. மேல் நிறத்தையும் கீழ் நிறத்தையும் 0 முதல் 1 வரையிலான எண்களாக்கிப் பெருக்குகிறது. கீழே 0.8, மேலே 0.5 என்றால் விடை 0.4. வெள்ளை என்பது 1, எதைப் பெருக்கினாலும் மாறாது, அதனால் வெள்ளை மறைந்துபோகும். ஒவ்வொரு நிறமும் தன் சாயலை விடாமல் கருக்கும்.

டம்ளருக்கு வலப்பக்கம் மேஜைமேல் படுத்த நீள்வட்டம் ஒன்று, நீலம் கலந்த நடுத்தரச் சாம்பல், ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டியில் பிளெண்ட் மோட் மல்டிபிளை, பிளர் 8 அல்லது 10. இங்கே பிளர் நியாயமானது. கண்ணாடியின் நிழல் முழு இருட்டாக இருக்காது, நீர் ஒளியைக் குவித்து நிழலுக்குள் ஒரு பிரகாசத் தீற்றலைப் போடும். அதற்கு வெளிர் மஞ்சளில் சின்ன வடிவம் ஒன்று, ஸ்கிரீன் மோடில். ஸ்கிரீன் மல்டிபிளைக்கு நேர் எதிர்: அதில் கறுப்பு மறையும், மற்றவை வெளிச்சமாகும். இந்தத் தீற்றலை விட்டுவிட்டு டம்ளரைக் கனமாக்குகிறவர்கள் அதிகம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மல்டிபிளை நிழலை டம்ளரோடு சேர்த்துக் குரூப் செய்து, அந்தக் குரூப்பின் ஒபாசிட்டியைச் சும்மா 99 ஆக்கிப் பாருங்கள். நிழல் திடீரென்று சாதாரணச் சாம்பல் திட்டாகிவிடும். ஒபாசிட்டி 100-க்குக் குறைந்தாலோ, மாஸ்க் அல்லது பிளர் ஏறினாலோ, குரூப் தனக்குள்ளேயே முதலில் கலந்து முடித்துவிட்டு அப்புறம்தான் வெளியே வருகிறது. உள்ளே இருக்கும் மல்டிபிளைக்கு மேஜை தெரியாது, பெருக்க எதுவும் கிடைக்காது. பிரவுசரில் எஸ்விஜி காட்டும்போதும் இதே விதிதான். நிழலை எப்போதும் தனி லேயரில், டம்ளர் குரூப்புக்கு வெளியே வைக்கச் சொல்வது இதனால்தான்.

மேஜையில் பிம்பம்

பிம்பத்துக்கு மாஸ்க் வேண்டும். டம்ளர், நீர், பென்சில் எல்லாம் சேர்ந்த குரூப்பின் நகல் ஒன்றை எடுத்து வி விசையை அழுத்தினால் தலைகீழாகும். அதைக் கீழே இழுத்து, அடி நீள்வட்டங்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி வையுங்கள். விளிம்போடு விளிம்பு தொடும்படி வைத்தால் இரு வளைவுகளும் நடுவில் மட்டும் முட்டிக்கொண்டு, டம்ளர் மிதப்பது போல் இருக்கும். பிறகு பிம்பத்தை டம்ளருக்கு அடியில் தள்ளுங்கள்.

இந்தக் குரூப்பில் ஏற்கெனவே கிரேடியன்ட், கிளிப், ஒபாசிட்டி எல்லாம் இருக்கின்றன; இன்னொரு கிரேடியன்ட் போட இடமில்லை. பிம்பத்தை முழுவதும் மூடும் செவ்வகம் ஒன்றை வரைந்து, மேலே வெள்ளை, கீழே கறுப்பு என்று கிரேடியன்ட் கொடுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து ஆப்ஜெக்ட், மாஸ்க், செட் மாஸ்க். வெள்ளை இருந்த இடம் தெரியும், கறுப்பு இருந்த இடம் மறையும், சாம்பல் இருந்த இடம் மங்கும். கிளிப் கத்தரி வேலை மட்டும் செய்யும், பாதி மறைப்பு அதற்குத் தெரியாது. மாஸ்க்குக்குத் தெரியும்.

மாஸ்க்கைக் கறுப்பு வெள்ளையிலேயே வரையுங்கள். மாஸ்க் பார்ப்பது நிறத்தின் வெளிச்ச அளவை. சுத்தச் சிவப்பு ஏறத்தாழ 21 சதவீதமாகவும், பச்சை 72 ஆகவும், நீலம் வெறும் 7 ஆகவும் கணக்காகும். நீலச் செவ்வகத்தை மாஸ்க் ஆக்கிவிட்டு, படத்தைக் காணோமே என்று தேட வேண்டியதில்லை. பிம்பம் இன்னும் அதிகமாகத் தெரிந்தால் குரூப்பின் ஒபாசிட்டியை 40-க்குக் கொண்டுவாருங்கள். அது மாஸ்க்கோடு பெருக்கப்படும்: மாஸ்க் பாதி விடும் இடத்தில் 20 சதவீதம்தான் தெரியும்.

டிரான்ஸ்பரன்சி வேண்டாத இடம்

தூரத்து மலைகள். அடுக்கடுக்காக மலை வரைந்து ஒவ்வொன்றுக்கும் ஒபாசிட்டியைக் குறைத்துக்கொண்டே போவது பலரின் வழக்கம். முன்மலையின் ஊடே பின்மலையின் முகடு தெரியும், எக்ஸ்ரே எடுத்தது போல. மலை ஒளி ஊடுருவாது, நடுவில் இருக்கும் பனிமூட்டம்தான் ஊடுருவும். மலைகளை முழு அடர்த்தியில் வெளிறிய நிறங்களாகவே தேர்ந்தெடுத்து நிரப்புங்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே, அடியில் வெள்ளையாகவும் மேலே ஏ 0 ஆகவும் ஒரு கிரேடியன்ட்டைச் செருகினால் மூட்டம் தானாக வந்துவிடும். வெளிர் நிறம் மட்டும் வேண்டும் என்றால் வெளிர் நிறத்தையே எடுங்கள், ஒபாசிட்டியைத் தொடாதீர்கள்.

மற்ற மென்பொருள்களில்

இல்லஸ்ட்ரேட்டரில் டிரான்ஸ்பரன்சி பேனலில் ஒபாசிட்டியும் பிளெண்ட் மோடும் இருக்கின்றன. ஃபில்லுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் தனித்தனியாகக் கொடுக்க அப்பியரன்ஸ் பேனலைத் திறக்க வேண்டும்; ஃபில், ஸ்ட்ரோக், முழுப் பொருள் என்ற மூன்று இடங்களும் அங்கே மூன்று வரிகளாகத் தெரியும். மாஸ்க்குக்கு மேக் மாஸ்க் பொத்தான். குரூப்பை மொத்தமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா, உள்ளே இருக்கும் துண்டுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்பதை எண்ணை மாற்றுமுன் ஒருமுறை பாருங்கள். கோரல்டிராவிலும் அஃபினிட்டியிலும் டிரான்ஸ்பரன்சிக்கென்றே தனிக் கருவி இருக்கிறது, பொருளின்மேல் இழுத்தால் கிரேடியன்ட்டாக மறையும். கோரலில் பிளெண்ட் மோடுக்கு மெர்ஜ் மோட் என்று பெயர். அங்கே எண் தலைகீழ் என்பதைச் சொல்லிவிட்டேன்.

வெளியே அனுப்புவது

திரைக்கு என்றால் பிஎன்ஜி. ஒவ்வொரு பிக்சலுக்கும் 256 படி ஆல்ஃபா இருப்பதால் கண்ணாடி கண்ணாடியாகவே போய்ச் சேரும். ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது, பின்னணி ஏதாவது ஒரு நிறத்தால் நிரம்பிவிடும். ஜிஃப்பில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது தெரியாது, நடுநிலை இல்லை. சுவரையும் மேஜையையும் மறைத்துவிட்டு டம்ளரை மட்டும் அனுப்புவதாக இருந்தால், டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸில் பக்க நிறத்தின் ஏ 0 என்று இருக்கிறதா பாருங்கள்.

நிழலைப் பற்றி இங்கே மறுபடி சொல்ல வேண்டும். மல்டிபிளை என்பது பிஎன்ஜியில் பதிவாகாது. பின்னணி இல்லாத இடத்தில் மல்டிபிளை சாதாரணக் கலப்பாகிவிடும், உங்கள் சாம்பல் நீள்வட்டம் சாம்பல் நீள்வட்டமாகவே போகும். அடர்நிற மேஜைமேல் அதை ஒட்டினால் நிழல் மேஜையைவிட வெளிச்சமாக இருக்கும்! தனியாக அனுப்பும் படத்துக்கு மட்டும் நிழலை நார்மலுக்கு மாற்றி, மிக அடர்ந்த நீலத்தை ஏ 30-இல் வையுங்கள். கிட்டத்தட்டக் கறுப்பாக இல்லாத எந்தப் பின்னணியிலும் அது கருக்கத்தான் செய்யும்.

அச்சுக்குப் போகும் கோப்பில் பார்க்க வேண்டியவை வேறு. பிடிஎஃப்புக்குள் டிரான்ஸ்பரன்சி நுழைந்தது 2001-இல், 1.4 பதிப்பில். அதற்கு முந்திய வழிவந்த இபிஎஸ் என்ற அச்சுக் கோப்பு வடிவில் டிரான்ஸ்பரன்சிக்கு இடமே இல்லை, அதனால் இபிஎஸ் எடுத்தால் ஒளிபுகும் பகுதிகள் துண்டாடப்படும் அல்லது பிக்சல் படமாகும். அச்சகம் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற அச்சுத் தரத்தைக் கேட்டால் டிரான்ஸ்பரன்சி எல்லாவற்றையும் முன்கூட்டியே தட்டையாக்கியிருக்க வேண்டும். எக்ஸ்-4 என்றால் அப்படியே அனுப்பலாம். எதுவென்று வரையத் தொடங்குமுன்பே கேட்டுவிடுவது நல்லது.

இங்க்ஸ்கேப்பில் பிடிஎஃப் எடுக்கும்போது பிளர் போன்ற ஃபில்டர்கள் பிக்சலாக மாறும். அதற்கான தெளிவு அளவு (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) சேமிக்கும் பெட்டியிலேயே கேட்கப்படும். முதலில் 96 என்று இருக்கும். அச்சுக்கு 300 ஆக்குங்கள். இல்லாவிட்டால் டம்ளர் கூர்மையாகவும் நிழல் கட்டம் கட்டமாகவும் அச்சாகும்.

அனுப்புமுன் பிஎன்ஜியை மூன்று பின்னணியில் வைத்துப் பார்த்துவிடுங்கள்: வெள்ளை, கறுப்பு, நடுத்தரமான ஏதாவது ஒரு நிறம். வெள்ளையில் ஒளிக்கீற்று காணாமல் போகும், அது இயல்பு. உடலின் ஓரம் 45-இல் இருப்பதால் டம்ளர் அப்போதும் நிற்கும். கறுப்பில் ஓரம் மறைந்துபோனால், டம்ளர் உருவத்தின் நகல் ஒன்றை எடுத்து ஃபில்லை நீக்கி, வெள்ளை ஸ்ட்ரோக் 1 பிக்சல், ஏ 30 கொடுத்து மேலே வையுங்கள்.